ஞானம் டீச்சருக்கு அடிக்காத மணி

கூப்பிட்டால் கையில் சோக்குத் தூளோடு திரும்பிப் பார்க்கும் என் ஞானம் டீச்சருக்கு,

முத்தையா சொல்கிறேன். எழுதுவது நிர்மலா. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அவள்தான் இப்போது உங்கள் பாலர் வகுப்பில் டீச்சர். நீங்கள் உட்கார்ந்த அதே கதிரையில்தான் உட்காருகிறாள், ஒரு கால் மட்டும் புதிதாகப் போட்டது. நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். பார்ப்போம்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுடைய முப்பத்தொன்றாம் நாள். சபையில் நினைவு மலர் அடிக்கிறார்கள். அதில் போடத்தான் இந்தக் கடிதம். இதில் உள்ள கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் உங்களிடமே சொல்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர்களும் கேட்கட்டும். கேட்டால்தான் என் மேல் விழுந்த பழி போகும்.

என்ன பழி? உங்கள் அடக்க நாளில் மணி அடிக்கவில்லை. ஐம்பது வருஷமாக அந்தக் கயிறு என் கையில்தான் இருக்கிறது. ஊர் பேர் தெரியாமல் வந்து ரோட்டோரம் செத்துப்போன மனிதனுக்கும் அடித்தேன். உங்களுக்கு அடிக்கவில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த உங்கள் பெறாமகள், அக்காவின் மகள் சுகந்தி வாசலில் என்னை மறித்துக் கேட்டார். "எங்கட சித்திக்கு ஒரு மணி அடிக்கவும் உங்களுக்கு மனம் வரேல்லையோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கெழவன் தூங்கிட்டான்" என்றார் ஒருத்தர். "காது மந்தம், பாவம்" என்றார் இன்னொருத்தர். பாதர் அடுத்த வாரமே பட்டனை அழுத்தினால் தானாக அடிக்கிற மணியைப் பற்றிக் கமிட்டியில் பேசினாராம்.

தூங்கவும் இல்லை, மறக்கவும் இல்லை டீச்சர். உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாண் ரொட்டிக்கு விடியவிடிய வரிசையில் நின்ற காலம் அது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பிள்ளைகள், தேவாலயத்தை ஒட்டிய நம்முடைய பள்ளிக்கு இறங்கி வருவார்கள். காலில் செருப்பு இருக்காது, விரல் இடுக்கில் அட்டை இருக்கும். வாசலில் நான் உப்புத் துணியோடு உட்கார்ந்து அட்டை எடுத்துவிட்டு உள்ளே அனுப்புவேன். ஐந்து வயதானால் வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வைத்திருக்க மாட்டார்கள், பள்ளிக்கு அனுப்பு என்பார்கள். பாலர் வகுப்போ பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். அம்மா மலையில் கொழுந்து எடுப்பாள். கூட்டிப்போக வேண்டிய அக்காவுக்கும் அண்ணனுக்கும் பள்ளி விட இரண்டரை ஆகும். நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரம் இந்தச் சின்னதுகள் எங்கே போகும்? ரோட்டில்தான் நிற்கும். அதை யாரும் ஒரு கேள்வியாக எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒரு நாள் கொழுந்து லொறி ஓட்டுகிற கரீம் நானா, நம் பாலர் வகுப்புச் சின்னராசுவைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பையன் நல்ல தூக்கம். நானா அவனைத் தோளிலிருந்து இறக்காமலே பேசினார்.

"டீச்சர், இவன் எங்க படுத்துக் கெடந்தான் தெரியுமா? லொறிக்கு அடியில. பின் டயருக்கு ஒரு சாண் இங்கிட்டு. கிளீனர் பொடியன் கால் ஒண்ணு தெரியுதுன்னு கத்தாட்டி நான் ரிவேர்ஸ் எடுத்திருப்பேன். அல்லாஹ்தான் காப்பாத்தினான்."

நீங்கள் அழவில்லை, யாரையும் ஏசவுமில்லை. பிள்ளையை வாங்கி, தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "அண்ணை, கோயில் திறப்பு உங்களிட்டைத்தானே இருக்கு?"

"இருக்குங்க டீச்சர். ஆனா பாதர் கம்பளைக்குப் போயிருக்காரே."

"பாதர் ஆறுதலா வரட்டும். பிள்ளையள் இப்ப நித்திரை கொள்ளட்டும்."

அன்று பகல் பன்னிரண்டரைக்கு, என் இடுப்பில் இருந்த சாவியால் தேவாலயக் கதவைத் திறந்தேன். ஆட்கள் உட்காரும் நீள வாங்குகளைச் சுவரோரம் தள்ளினோம். பாய் ஏது? சாக்கை விரித்தோம். தலைக்கு வைக்க ஒன்றுமில்லை என்று நான் சொன்னபோது, நீங்கள் வாங்குகளுக்கு அடியில் கையை விட்டு, ஜெபம் பண்ணும்போது முழங்கால் போடுகிற, தேங்காய்த் தும்பு அடைத்த சின்ன மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தீர்கள். "டீச்சர், அது சாமி கும்பிடுற மெத்தைங்க" என்றேன். "ஓம், இதுகளும் கும்பிட்டுக்கொண்டுதான் படுத்திருக்குதுகள், பாருங்கோ" என்றீர்கள். சின்னராசு குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மெத்தையில் முகத்தைப் புதைத்திருந்தான்.

முப்பத்தி நான்கு பிள்ளைகள். யார் எங்கே படுத்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பீடத்துப் பக்கம் முதல் சாக்கில் பாக்கியம், செல்லம்மா, ஹாஜரா. ஹாஜரா கரீம் நானாவின் மகள். லொறி விஷயத்துக்கு அடுத்த நாள் அவரே கொண்டுவந்து விட்டார். கதவோரம் சாக்கில் சின்னராசு, பக்கத்தில் பிலோமினா. நீங்கள் கதவை மறித்துக் கதிரையைப் போட்டுக்கொண்டு கொப்பி திருத்துவீர்கள். உங்களைத் தாண்டித்தான் எந்தப் பிள்ளையும் ரோட்டுக்குப் போகவேண்டும்.

என் வேலை இரண்டு. ஒன்று, பாதித் தூக்கத்தில் எழும்புகிறவர்களை வெளியே கொண்டுபோய் ஒன்றுக்கு விட்டுக் கூட்டிவருவது. இரண்டு, அதையும் தாண்டி, பிள்ளைகள் உருண்டு படுத்ததில் நனைந்துபோன மெத்தையை அடுப்படியில் காயவைத்து, சனிக்கிழமைக்குள் வாங்குக்கு அடியில் திரும்ப வைப்பது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை.

பிழை என்னுடையது. அந்தக் கிழமை விடாத மழை. விறகு ஈரம், அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. மெத்தை மேலே காய்ந்த மாதிரி இருந்தது. தும்புக்குள்ளே தண்ணீர் நின்றது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். இருட்டிவிட்டது, அலுப்பு, போகட்டும் என்று வைத்துவிட்டேன். வைத்த இடமும் பாருங்கள், முதல் வாங்கு.

முதல் வாங்கு சாமுவேல் ஐயாவுடையது. கமிட்டித் தலைவர். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு எடுத்தவர். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவர் ஒரு பேரைக் கூப்பிட்டால் முந்நூறு பேர் முதுகு நிமிரும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கால்சட்டையோடு முழங்கால் போட்டார். பாவமன்னிப்பு ஜெபம் நீளமானது. அவர் பாரமும் கொஞ்சமில்லை. எழும்பியபோது இரண்டு முழங்காலிலும் தட்டு அளவுக்கு மஞ்சள் வட்டம். வாசனை வேறு.

அந்த மெத்தையை நனைத்த பிள்ளை யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. எழுதுகிறவள் மட்டும் ஏனோ பேனையை வைத்துவிட்டு, "அதையெல்லாம் போடணுமா மாமா?" என்கிறாள். போடு பிள்ளை. சத்தியம் செய்திருக்கிறாய்.

ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே தொடங்கிவிட்டார் ஐயா. "இது தேவனுடைய வீடு! பிள்ளை மடுவம் இல்ல! யார் கேட்டு நடக்குது இது? மணி அடிக்கிறவன் நெத்தியில விபூதி, படுத்துக் கெடக்கிறதுல பாதி கோயில் எதுன்னே தெரியாத புள்ளைங்க. நாளையிலருந்து கதவு பூட்டு. திறப்பு என் கையில வரணும்!"

நான் முன்னுக்குப் போனேன். "என் பிழைங்க ஐயா, மெத்தையைக் காயவைக்காதது..." என்று வாயெடுத்தேன். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "அண்ணை நான் சொன்னதைத்தான் செய்தவர். ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. ஆனா ஐயா, ஒரு கேள்வி. நாளைக்கு அந்த லொறிக்குக் கீழ பிள்ளை படுத்தால் யார் பாக்கிறது?"

"அது லொறிக்காரன் பாடு" என்றார்.

உங்கள் முகம் அப்போது எப்படி ஆனது தெரியுமா? கோபம் அல்ல. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. "சரி ஐயா. திறப்பு தாறம். அதுக்கு முதல் கமிட்டி ஒருக்காக் கூடட்டும். புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு. கோயிலுக்குள்ளேயே."

நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். திறப்பு போனால் பிள்ளைகள் திரும்ப ரோட்டுக்குத்தான். அதுவும் என் சோம்பலால். நீங்களோ அந்தப் புதன்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி வழக்கம் போலச் சாக்கு விரிக்கச் சொன்னீர்கள்.

ஒரு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். சாமுவேல் ஐயா கையில் குற்றங்களை எழுதிய தாள். கதவைத் திறந்தவர் சத்தமாக, "ஆ, டீச்சர்!" என்றார். உள்ளே முப்பத்தி நான்கு பிள்ளைகள் தூங்குகிறார்கள். இரண்டு மூன்று தலை அசைந்தது. நீங்கள் உதட்டில் விரலை வைத்தீர்கள், அவ்வளவுதான். பெரட்டில் மலையை அதிரவைத்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். அவர் சப்பாத்து சிமெந்தில் டக்கென்றது. நீங்கள் சப்பாத்தைப் பார்த்தீர்கள். அவர் கழற்றினார். மற்ற நான்கு பேரும் கழற்றினார்கள்.

கூட்டம் தொடங்கியது. கிசுகிசுத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? ஐயா முதல் குற்றத்தை வாசித்தார். காற்றுதான் வந்தது. "என்ன சொல்றீங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் காதை நீட்டினார். ஐயா திரும்ப வாசித்தார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவருக்கே அது பெரிய குற்றமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துச் சின்னராசு எழும்பினான். கண் பாதி மூடியிருக்கிறது. தள்ளாடி வந்து, கால்சட்டை போட்ட முதல் ஆளைப் பிடித்தான். "மாமா, ஒண்ணுக்கு வருது."

பிடித்தது சாமுவேல் ஐயாவை.

நான் ஓடிவர எழும்பினேன். நீங்கள் கண்ணாலேயே என்னை உட்காரவைத்தீர்கள். ஐயா நம் எல்லோர் முகத்தையும் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "கெதியாக் கூட்டிக்கொண்டு போங்கோ ஐயா. பிந்தினால் திரும்பவும் மெத்தைதான்."

போனார். வெறுங்காலோடு, ஒரு கையில் குற்றப் பத்திரிகை, மறு கையில் சின்னராசுவின் விரல். கொஞ்ச நேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது பையன் அவர் தோளில் தூங்கிப்போயிருந்தான். படுக்கவைக்கத் தெரியாமல் நின்றார். நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள், முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் தலை. குனிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தவர், என் காதில் வந்து சொன்னார். "ஏன்டா முத்தையா, மெத்தைக்கு மேல ஒரு றப்பர் சீட் போட்டா என்ன? தோட்டத்து டிஸ்பென்சரியில கேட்டா தருவாங்களே?"

அத்தோடு குற்றப் பத்திரிகை மடிந்தது. ஆனால் நீங்கள் அத்தோடு விடவில்லை. "ஐயா, இன்னொண்டு. ஒண்டரைக்கு அண்ணை பாடம் மாற மணி அடிக்க, பிள்ளையள் திடுக்கிட்டு எழும்புதுகள். பன்னிரண்டரையிலை இருந்து இரண்டரை வரைக்கும் இந்த வளவுக்குள்ள மணி வேண்டாம். பிஷப் வந்தாலும் வேண்டாம்." ஐயா கையில் இருந்த தாளின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். முன்பக்கம் குற்றம், பின்பக்கம் சட்டம். அந்தத் தாள் மணிக்கூண்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் வெகுகாலம் தொங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மணி இல்லாமல் பெரிய வகுப்புகளில் பாடம் எப்படி மாறும்? அதற்கும் வழி நீங்கள்தான் சொன்னீர்கள். நேரம் வந்ததும் நான் வகுப்பு வகுப்பாகப் போய் வாசலில் நிற்பேன். பேசமாட்டேன். என் தலையைக் கண்டதும் பிள்ளைகள் சத்தமில்லாமல் எழும்பி நிற்பார்கள், டீச்சர் மாறுவார். "அண்ணை இப்ப நடக்கிற மணி" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அப்படி எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பேன்? பாலர் வகுப்பில் தூங்கி, பெரிய வகுப்பில் என் தலையைக் கண்டு எழும்பி, பிறகு உலகத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்?

ஒரு தடவை கல்யாண வீட்டார் நேரத்தோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் தானே போய்க் கயிற்றைப் பிடித்தார். நீங்கள் சோக்குக் கையோடு ஓடிவந்து, அவர் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டரைக்குப் பிறகு நானே அடிச்சு விடுறன், எவ்வளவு வேணுமெண்டாலும்" என்றீர்கள். பொம்பிளை வீட்டார் சிரித்தார்கள். தாலி கட்டு முடிந்து இரண்டரைக்கு நீங்களும் நானும் சேர்ந்து இழுத்தோம். அதன்பிறகு அந்தச் சட்டத்தை யாரும் உடைக்கவில்லை. சாமுவேல் ஐயா இறந்தபோதும் அடக்கம் மூன்றரைக்குத்தான் வைத்தார்கள்.

இப்போது உங்கள் நாளுக்கு வருகிறேன்.

பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்தார்கள். சுகந்திக்கு அன்றிரவே விமானம், அதனால் ஆராதனை ஒரு மணிக்கு என்று முடிவானது. "எனக்காகப் பள்ளியைப் பூட்டவேண்டாம்" என்று நீங்களே சொல்லிவைத்திருந்தீர்கள். ஆகவே பிள்ளைகள் வந்திருந்தார்கள். இப்போது அவர்கள் தூங்குவது தேவாலயத்துக்குள் அல்ல, மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள பக்கத்து மண்டபத்தில். நல்ல பாய், தலையணை எல்லாம் உண்டு. நாங்கள் உங்களுக்காகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தி மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாதரிடம் முன்கூட்டியே சொன்னேன். "பாதர், புள்ளைங்க தூங்குற நேரமுங்க." அவர் புதியவர், நல்ல பிள்ளை. "ஒரு நாளைக்குத்தானே அண்ணே, டீச்சருக்கு மரியாதை வேணாமா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே? உங்களுக்கு மரியாதை வேண்டாமா?

பெட்டி தூக்கும் நேரம் பாதர் கண்ணைக் காட்டினார். நான் கூண்டுக்குள் கயிற்றைப் பிடித்துவிட்டேன். பிடித்த கையோடு சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவோரப் பாயில் ஒன்று குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. நிர்மலா கதவை மறித்துக் கதிரை போட்டிருந்தாள். உங்கள் அடக்கத்துக்கு அவள் உள்ளே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள் டீச்சர், நீங்கள் பெட்டியிலிருந்து எழும்பி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்திருக்க மாட்டீர்களா?

கயிற்றைக் கொக்கியில் மாட்டினேன். உள்ளே நடந்து வந்தேன். பழைய வழக்கப்படி, பேசாமல், உங்கள் தலைமாட்டில் போய் நின்றேன்.

அவர்கள் எழும்பினார்கள் டீச்சர். கம்பளையில் கடை வைத்திருக்கிற சின்னராசு முதலில் எழும்பினான், தலை நரைத்துவிட்டது. பிறகு பாக்கியம், பிலோமினா, ஹாஜரா. வாங்கு வாங்காக, ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பி நின்றார்கள். யாரும் சொல்லாமலே சப்பாத்து, செருப்பை எல்லாம் வரும்போதே வாசலில் விட்டிருந்தார்கள். உங்கள் பெட்டியை நுனிக்காலில் சுமந்து போனார்கள். உங்களுக்கு மணி அடித்தது. அது நான்தான். கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்டது.

சுகந்திக்குத் தெரியாது. பாதருக்கும் தெரியாது. அவர்கள் மேல் குற்றமில்லை. வாசலில் கேட்டபோதே நான் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்திருந்தால் சத்தமாக அழுதிருப்பேன். அழுதால் பிள்ளைகள் எழும்பியிருப்பார்கள். அதனால்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்சம் புதினம், புதுச் சேதி, சொல்கிறேன். நிர்மலா இதையெல்லாம் பாதருக்குச் சொல்லிவிட்டாள். நேற்று அவர் கூண்டுக்கு வந்து அந்தத் தாள் எங்கே என்று கேட்டார். கறையான் தின்றுவிட்டது, வாயால் சொல்கிறேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். முன்பக்கக் குற்றங்களும் வேண்டும் என்றார், அதையும் சொன்னேன். சிரித்து முடியவில்லை அவருக்கு. பட்டன் மணி பற்றி இன்னும் முடிவில்லை. பட்டனுக்குப் பிள்ளைகள் தூங்குவது தெரியுமா என்று மட்டும் கேட்டுவைத்திருக்கிறேன். சுகந்திக்கும் இந்தக் கடிதம் போகும்.

ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை ஜெபம் காலையில் முடிந்துவிடும். நான் வீட்டுக்குப் போகமாட்டேன். நிர்மலா பிள்ளைகளை எழுப்பி, முகம் கழுவி, பாயைச் சுருட்டிவைக்கும் வரைக்கும் கூண்டுக்குள் இருப்பேன். இரண்டரைக்குக் கயிற்றைப் பிடிப்பேன். இறந்தவர் வயதுக்கு ஒரு தரமாக அடிப்பது வழக்கம். உங்கள் வயதை நீங்கள் பிஷப்புக்கே சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்கப்போவதில்லை. அந்தப் புதன்கிழமை படுத்திருந்த முப்பத்தி நான்கு பேருக்கும் ஒவ்வொன்று அடிப்பேன். பாக்கியத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி இழுப்பேன். அதற்கு மேல் கடைசி ஒன்று, கதவை மறித்துப் போட்டிருந்த கதிரைக்கு.

நன்றாகச் சத்தமாக அடிப்பேன் டீச்சர். பிள்ளைகள் எழும்பியிருப்பார்கள்.

நீங்கள் அண்ணை என்று கூப்பிட்டு, நடக்கிற மணி என்று கேலி செய்த
உங்கள் அண்ணன்,
முத்தையா